சிசெரோவின் பெயரில் ஆங்கிலம் வைத்திருப்பவை

ஆங்கிலச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் சில சொற்களில் தடுக்கி நிற்பதுண்டு. எதிர்க்கட்சித் தலைவரின் காரசாரமான உரையை ஒரு தலையங்கம் ‘ஃபிலிப்பிக்’ என்று குறிப்பிடுகிறது. ஊழல் புகார் பற்றிய கட்டுரை ‘குயி போனோ’ என்ற கேள்வியோடு தொடங்குகிறது. பொது நலனை முன்னிட்டு ஒரு தடையை உறுதிசெய்யும் தீர்ப்பில் ‘சாலுஸ் பாப்புலி சுப்ரீமா லெக்ஸ்’ என்ற இலத்தீன் தொடர் வருகிறது. வேலை முடியாத இணையதளம் ஒன்றைத் திறந்தால், ‘லோரெம் இப்சம்’ என்று தொடங்கிப் பொருள் விளங்காத பத்திகள் நிரம்பிக் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த நான்கும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன. அவர் பண்டைய ரோமின் பேச்சாளர் மார்க்கஸ் துல்லியஸ் சிசெரோ.

‘சிசெரோவிடமிருந்து வந்தவை’ என்று பொதுவாகப் பட்டியலிடப்படும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அவர் பெயரோடு ஒட்டிப் புகழ்பெற்ற தொடர்களில் பல, அவரே பிறரிடமிருந்து எடுத்துச் சொன்னவை. அவர் உண்மையிலேயே உருவாக்கிக் கொடுத்த சொற்களிலோ அவர் பெயரின் சுவடே இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு நாளைக்குப் பலமுறை அவற்றைப் பயன்படுத்துகிறார், யாருடையவை என்று அறியாமலே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மேற்கண்ட குழப்பங்களில் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

அடிப்படை: யார் இந்தச் சிசெரோ?

சிசெரோ கி.மு. 106இல், ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள அர்ப்பினம் என்ற மலையூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வசதியானது. ஆனால் ரோமின் ஆட்சிக்குடிகளைச் சேர்ந்ததன்று. முன்னோர் எவரும் உயர்பதவி வகிக்காத நிலையில் அரசியலுக்கு வருபவரை ரோமானியர்கள் ‘புதிய மனிதர்’ என்று சற்று ஏளனமாகவே அழைத்தார்கள். படையோ பரம்பரையோ துணைக்கு இல்லாத அந்தப் புதிய மனிதர், நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் பேசிய பேச்சை மட்டுமே மூலதனமாகக் கொண்டு கி.மு. 63இல் குடியரசின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை அடைந்தார். அதே ஆண்டில் காட்டிலைன் என்பவரின் ஆட்சிக்கவிழ்ப்புச் சதியை வெளிப்படுத்தி, ஐந்து சதிகாரர்களுக்கு விசாரணையின்றி மரண தண்டனை நிறைவேற்றினார். அதற்காகவே கி.மு. 58இல் நாடு கடத்தப்பட்டு, அடுத்த ஆண்டு திரும்பினார்.

ஜூலியஸ் சீசரின் கொலைக்குப் பிறகு மார்க் ஆண்டனிக்கு எதிராக அவர் நிகழ்த்திய உரைகளே அவர் உயிருக்கு உலை வைத்தன. கி.மு. 43 டிசம்பர் 7 அன்று, 63ஆம் வயதில் அவர் கொல்லப்பட்டார். வெட்டப்பட்ட தலையும், அந்த உரைகளை எழுதிய கையும் ரோம் நகரச் சதுக்கத்தின் பேச்சு மேடையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த மேடைக்கு ‘ராஸ்ட்ரா’ என்று பெயர், கி.மு. 338இல் ஆன்ட்டியம் நகரத்தாரிடமிருந்து கைப்பற்றிய கப்பல்களின் முகப்பு அலகுகள் அதில் பதிக்கப்பட்டிருந்ததால் வந்த பெயர் அது. மேடை என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘ராஸ்ட்ரம்’ அங்கிருந்து வந்ததே.

‘சிசெரோ’ என்பது குடும்பத்தின் துணைப்பெயர். ‘சிசெர்’ என்றால் இலத்தீனில் கொண்டைக்கடலை. மூக்கு நுனியில் கடலையைப் போன்ற பிளவு கொண்ட ஒரு முன்னோரால் இப்பெயர் வந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் புளூட்டார்க். அரசியலுக்கு வரும்போது இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் சொன்னபோது, பெருங்குடிப் பெயர்களைவிட இதைப் புகழ்பெறச் செய்கிறேன் என்று சிசெரோ மறுமொழி சொன்னதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். கொண்டைக்கடலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சிக்பீ’யின் முற்பாதி கோழிக்குஞ்சைக் குறிப்பதன்று; இதே ‘சிசெர்’ பிரெஞ்சு வழியாகத் திரிந்து வந்தது. தாவரவியல் பெயரான ‘சிசெர் அரைட்டினம்’ திரிபில்லாமல் அப்படியே நிற்கிறது. ஆகவே கடலையின் பெயர் சிசெரோவிடமிருந்து வரவில்லை. சிசெரோவின் பெயர்தான் கடலையிடமிருந்து வந்தது.

பெயரைச் சுமக்கும் சொற்கள்

அவர் பெயரிலிருந்து நேரடியாகக் கிளைத்த ஆங்கிலச் சொற்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை.

1. துல்லி. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர் அவரைச் சிசெரோ என்பதைவிட, ‘துல்லியஸ்’ என்ற குடிப்பெயரைச் சுருக்கி ‘துல்லி’ என்றே பெரிதும் அழைத்தார்கள். பழைய ஆங்கில நூல்களில் ‘துல்லியின் ஆஃபிசஸ்’ என்று வருவது அலுவலகங்களைப் பற்றியதன்று; கடமைகளைப் பற்றி அவர் எழுதிய ‘தே ஆஃபிசியிஸ்’ என்ற நூல் அது.

2. சிசெரோனியன். இச்சொல் முதன்மையாக ஓர் உரைநடைப் பாணியைக் குறிக்கிறது. பல துணைவாக்கியங்கள் சமநிலையோடு அடுக்கப்பட்டு, கருத்தை முடிக்கும் வினை கடைசிவரை ஒத்திவைக்கப்பட்டு, அது வந்து விழும்போதுதான் முழுப்பொருளும் விளங்கும் நீண்ட வாக்கியமே அதன் அடையாளம். வினைமுற்று இறுதியில் வருவதையே இயல்பாகக் கொண்ட தமிழில் படித்துப் பழகியவர்களுக்கு இதில் பெரிய புதுமை தெரியாது. எழுவாயை அடுத்து உடனே வினையைச் சொல்லிவிடும் ஆங்கிலத்தில் இதைச் செய்வதற்குத் தனித்திறன் வேண்டும். ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனின் உரைநடையை இந்தச் சொல்லால் பாராட்டுவதன் காரணம் அதுவே. பாராட்டு மிகையானால் நோயாகிவிடும் என்பதற்கும் வரலாறு உண்டு. மறுமலர்ச்சிக்கால இத்தாலியில், சிசெரோவின் எழுத்தில் இல்லாத ஒரு சொல்லையும் எழுதுவதில்லை என்று விரதம் பூண்ட அறிஞர்கள் இருந்தார்கள். கிறித்தவக் கடவுளைக் குறிக்கவும் அவர்கள் ரோமானியத் தெய்வமான ஜூபிட்டரின் பட்டங்களைத் தேடிப் போனதை டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் ஒரு உரையாடல் நூலாக எழுதிக் கேலி செய்தார். ஆகவே ஆங்கிலத்தில் ஒருவரின் நடையைச் சிசெரோனியன் என்றால் அது புகழ்ச்சியா, நீட்டி முழக்குகிறார் என்ற குறையா என்பதை இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

3. சிசெரோனி. பழைமைச் சின்னங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கு இந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கல்வியின் நிறைவாக இத்தாலிக்குப் பயணம் போவது வழக்கம். இடிபாடுகளுக்கு நடுவே நின்று ஓயாமல் பேசிக்கொண்டே வந்த உள்ளூர் வழிகாட்டிகளை இத்தாலியர்கள் ‘சிசெரோன்’ என்று அழைத்தார்கள். பெயரில் பாராட்டு பாதி, கிண்டல் பாதி. இத்தாலிய வழியாக வந்ததால் ஆங்கிலத்தில் ‘சிச்செரோனி’ என்ற உச்சரிப்பும் உண்டு. இன்று அமெரிக்காவில் பீர் வகைகளை அறிந்து பரிமாறுவோருக்கான தேர்வுச் சான்றிதழ் ஒன்று இதே பெயரில் வழங்கப்படுகிறது. சுற்றுலாவிலிருந்து மதுக்கூடத்துக்கு வந்த இந்தப் பயணத்தைச் சிசெரோ எவ்வளவு ரசித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

4. சிசெரோ என்னும் அளவு. அச்சுத் தொழிலில் பைகா என்ற அளவை அறிந்தவர்களுக்கு இது அதன் ஐரோப்பியப் பங்காளி. டிடோ புள்ளி என்ற ஐரோப்பிய அச்சு அலகில் பன்னிரண்டு கொண்டது ஒரு சிசெரோ, ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர். பைகா 4.2 மில்லிமீட்டர்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் அச்சான சிசெரோவின் நூல் ஒன்றுக்குப் பயன்பட்ட எழுத்தின் அளவிலிருந்து இப்பெயர் வந்ததாக அச்சு வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1465இல், அச்சுக்கலை ஐரோப்பாவில் காலூன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, மைன்ஸ் நகரத்தில் ‘தே ஆஃபிசியிஸ்’ அச்சேறிவிட்டது.

அவருடைய உதவியாளர் தீரோவின் பெயரும் இவ்வரிசையில் சேரத்தக்கது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற தீரோவோடு தொடர்புபடுத்தப்படும் சுருக்கெழுத்து முறை ‘தைரோனியன்’ எனப்படுகிறது. ‘மற்றும்’ என்பதற்கு அம்முறையில் பயன்பட்ட, எண் ஏழைப் போன்ற குறி அயர்லாந்தில் ஐரிய மொழிப் பெயர்ப்பலகைகளில் இன்றும் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆம்பர்சண்ட்’ குறியும் தீரோ கொடுத்தது என்று சிலர் எழுதுவது தவறு. அது ‘எட்’ என்ற இலத்தீன் சொல்லின் இரண்டு எழுத்துகள் பிணைந்து உருவான வேறொரு குறி.

ஃபிலிப்பிக்: இரவல் பெயர்

சிசெரோவின் பெயரைச் சொல்லாமல் அவரை நினைவூட்டும் சொற்களில் அதிகம் புழங்குவது ‘ஃபிலிப்பிக்’. ஒருவரைக் குறிவைத்து, தொடர்ச்சியாக, கடுமையாக நிகழ்த்தப்படும் கண்டன உரை என்பது இதன் பொருள். ஃபிலிப் என்று சிசெரோவுக்கு எதிரி எவரும் இல்லை என்பதுதான் வாசகரைக் குழப்புகிறது.

மூலம் கிரேக்கம். மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் (அலெக்சாண்டரின் தந்தை) ஏதென்சை விழுங்கப் பார்க்கிறார் என்று எச்சரித்து, அந்நகரத்துப் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் கி.மு. 351 முதல் நிகழ்த்திய உரைகளே முதல் ஃபிலிப்பிக்குகள். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 44க்கும் 43க்கும் இடையில், ஆண்டனிக்கு எதிராகப் பதினான்கு உரைகளை இயற்றிய சிசெரோ, அவற்றையும் ‘ஃபிலிப்பிக்’ என்று ஒரு கடிதத்தில் விளையாட்டாகக் குறிப்பிட்டார். சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், அந்தப் பெயரே இருக்கட்டும் என்று பதில் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நண்பர்களுக்குள் சொன்ன அந்த வேடிக்கை இலக்கிய வகையின் பெயராகிவிட்டது. பதினான்கில் மிகப் புகழ்பெற்ற இரண்டாம் உரை மேடையில் பேசப்படவே இல்லை. எழுத்து வடிவில் சுற்றுக்கு விடப்பட்டது. எனவே எழுத்தில் வந்த கண்டனத்தையும் ஃபிலிப்பிக் என்று சொல்வது பிழையாகாது.

இவற்றைவிட இந்திய வாசகர்களுக்கு நெருக்கமானவை ‘வெர்ரைன்’ உரைகள். சிசிலித் தீவின் ஆளுநராக இருந்து மக்களைச் சுரண்டிய வெர்ரஸ் மீது கி.மு. 70இல் சிசெரோ வழக்கு நடத்தினார். முதல் கட்டச் சாட்சியங்களிலேயே நிலைகுலைந்த வெர்ரஸ், தீர்ப்புக்குக் காத்திராமல் மசிலியாவுக்கு, அதாவது இன்றைய மார்சேய்க்கு, ஓடிவிட்டார். ஆளப்படும் தொலைநாட்டு மக்களுக்காக, ஆளும் நகரத்தின் மன்றத்தில், அந்த நகரத்து ஆளுநர் மீதே குற்றம் சாட்டுவது என்ற முன்மாதிரியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் கையில் எடுத்தார். வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 முதல் 1795 வரை வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த நாடாளுமன்ற வழக்கில், பர்க் வெர்ரஸைப் பெயர் சொல்லியே ஒப்பிட்டார். அதற்கு முன்பே, 1785இல், ஆர்க்காடு நவாபின் கடன்களைப் பற்றி அவர் நிகழ்த்திய உரையில், ஐதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகப் பகுதி பாழான காட்சியை அடுக்கடுக்கான நெடுவாக்கியங்களில் வருணித்திருந்தார். விளைவில் மட்டும் சிசெரோவுக்கும் பர்க்குக்கும் பொருந்தவில்லை: வெர்ரஸ் ஓடினார், ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார்.

லோரெம் இப்சம்: எதிர்த்தரப்பின் வாதம்

உலகில் மிக அதிகமானோர் கண்ணில் பட்டிருக்கும் சிசெரோவின் வரிகள், எவரும் படிப்பதற்காக அச்சிடப்படாதவை. பக்க வடிவமைப்பு முடிந்தும் உள்ளடக்கம் வந்து சேராத நிலையில், எழுத்துரு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக நிரப்பப்படும் போலி வாசகமே ‘லோரெம் இப்சம்’. பொருள் விளங்கினால் பார்ப்பவரின் கவனம் வடிவமைப்பை விட்டு வாசகத்துக்குப் போய்விடும் என்பதால், விளங்காத ஒன்று தேவைப்படுகிறது. பிரித்தானிய நிறுவனமான லெட்ராசெட்டின் ஒட்டெழுத்துத் தாள்களாலும், 1980களில் வந்த பேஜ்மேக்கர் மென்பொருளாலும் இது பரவலாயிற்று.

நெடுங்காலம் இதை வெறும் அர்த்தமற்ற எழுத்துக்கூட்டம் என்றே பலரும் எண்ணினார்கள். அமெரிக்க இலத்தீன் அறிஞர் ரிச்சர்ட் மெக்ளின்டாக், ‘கான்செக்டெட்டுர்’ என்ற அரிய சொல்லைத் தடம் பிடித்துச் சென்று, இது சிசெரோ கி.மு. 45இல் எழுதிய ‘நன்மை தீமைகளின் எல்லைகள்’ என்ற தத்துவ நூலின் முதற்பகுதியிலிருந்து சிதைக்கப்பட்டது என்று காட்டினார். ‘லோரெம்’ என்று இலத்தீனில் ஒரு சொல் கிடையாது. வலி என்று பொருள்படும் ‘தொலோரெம்’ என்பதன் தலை வெட்டுப்பட்டு மிஞ்சியதே அது. மூல வாக்கியத்தின் கருத்து ஏறத்தாழ இது: வலி வலியாக இருப்பதாலேயே அதை விரும்பி நாடுகிறவர் எவரும் இல்லை, ஆனால் சில வேளைகளில் உழைப்பும் வலியும் பேரின்பம் ஒன்றைப் பெற்றுத்தரும் என்பதால் மனிதர் அவற்றை ஏற்கிறார்கள்.

இங்கே பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. அந்த நூல் ஓர் உரையாடல் என்பதையும், இந்த வரிகளைப் பேசுகிறவர் சிசெரோ அல்லர் என்பதையும் அவை சொல்வதில்லை. பேசுகிறவர் டார்க்குவாட்டஸ் என்ற பாத்திரம். இன்பமே வாழ்க்கையின் முடிந்த நன்மை என்னும் எபிக்யூரஸ் தத்துவத்தின் வழக்கறிஞர். சிசெரோ அந்தத் தத்துவத்தை ஏற்காதவர். இரண்டாம் பகுதி முழுவதையும் அதை மறுப்பதற்கே செலவிடுகிறார். எதிரியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்துவிட்டுப் பிறகே மறுக்க வேண்டும் என்ற அவருடைய வழக்கறிஞர் நேர்மையின் பலன், அவர் மறுத்த கருத்தே அவர் பெயரில் உலகெங்கும் பரவியதுதான். நம் மரபில் பூர்வபட்சத்தை, அதாவது எதிர்த்தரப்பின் வாதத்தை, மட்டும் எடுத்து ஆசிரியரின் கொள்கை என்று அச்சிடுவதற்கு நிகரானது இது.

2014இல் கூகுள் மொழிபெயர்ப்புக் கருவியில் ‘லோரெம் இப்சம்’ என்று இட்டபோது ‘சீனா’, ‘நேட்டோ’ போன்ற சொற்கள் விடையாக வந்து ரகசியக் குறியீடு என்ற வதந்தி கிளம்பியது. பிறகு கூகுள் அதைச் சரிசெய்தது. பொருளற்ற இலத்தீனை மொழிபெயர்ப்பு என்று இணையப் பக்கங்களில் கண்டு கற்றுக்கொள்ளும் கருவி தடுமாறுவது வியப்பில்லை.

பெயரில்லாத சொற்கள்

சிசெரோவின் உண்மையான கொடை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கி.மு. 46 முதல் 44 வரை சீசரின் தனியாட்சியில் அவருக்கு அரசியலில் இடமில்லை. கி.மு. 45 தொடக்கத்தில் மகள் துல்லியாவும் இறந்துபோனாள். அந்தத் துயரத்துக்கு நடுவே, கிரேக்கத் தத்துவத்தை இலத்தீனில் எழுதிவிடுவது என்று அவர் இறங்கினார். கல்வியுடைய ரோமானியர்கள் தத்துவத்தைக் கிரேக்கத்திலேயே படித்தார்கள்; இலத்தீனில் அதற்குச் சொற்கள் இல்லை, தேவையும் இல்லை என்பது பொதுக்கருத்து. சொல் இல்லாத இடங்களில் அவர் சொல் செய்தார்.

‘எப்படிப்பட்டது’ என்ற கிரேக்கக் கேள்விச் சொல்லிலிருந்து பிளேட்டோ ‘பொயோடேஸ்’ என்ற சொல்லைப் படைத்திருந்தார். அதே முறையில் இலத்தீன் ‘குவாலிஸ்’ என்பதிலிருந்து சிசெரோ ‘குவாலிட்டாஸ்’ என்று அமைத்தார். ‘குவாலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல் அதன் வழித்தோன்றல். கிரேக்கத்திலேயே இது மக்கள் வழக்கன்று, தத்துவ அறிஞர்களின் சொல் என்று, இச்சொல்லை அமைத்துக்காட்டும் உரையாடல் நூலில் வாரோ என்ற பாத்திரத்தின் வாயால் சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் ‘குவாலிட்டி எப்படி?’ என்று துணியைத் தடவிப் பார்க்கும் வாடிக்கையாளர் வரை அந்தச் சொல் வந்திருக்கிறது.

‘மோரல்’ என்பதன் பிறப்பு இன்னும் தெளிவாகப் பதிவாகியுள்ளது. விதியைப் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே, கிரேக்கர்கள் ‘எத்திக்’ என்று சொல்லும் துறையை நாம் ‘ஒழுக்கங்கள் பற்றியது’ என்று சுற்றி வளைத்துச் சொல்லி வருகிறோம், இலத்தீன் மொழியை வளர்க்க விரும்பும் ஒருவர் அதை ‘மொராலிஸ்’ என்று அழைப்பதே தகும் என்று எழுதுகிறார். ஒரு சொல் பிறந்த கணத்தை அதை உருவாக்கியவரே இப்படி எழுதிவைத்தது அரிது. ஆங்கிலத்தில் ‘எத்திக்ஸ்’, ‘மொராலிட்டி’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பல தத்துவ விவாதங்கள் நடந்திருக்கின்றன. தொடக்கத்தில் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு மட்டுமே.

மேலும் சில: கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லுக்கு அவர் முன்மொழிந்த ‘எவிடென்ஷியா’ ஆங்கிலத்தில் ‘எவிடென்ஸ்’ ஆயிற்று. பிளக்க முடியாதது என்ற பொருளில் அணுவைக் குறிக்க அவர் கையாண்ட ‘இன்டிவிடுவம்’ நாளடைவில் தனிமனிதரைக் குறிக்கும் ‘இன்டிவிஜுவல்’ ஆனது. ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்பதன் மூலச்சொல் இலத்தீனில் கையால் பற்றுவதைக் குறித்தது. அறிவால் பற்றுவது என்ற பொருளை அதற்கு ஏற்றியவர் சிசெரோ. விரித்த கை தோற்றம், சற்று மடங்கிய விரல்கள் ஒப்புதல், இறுக மூடிய முட்டி அறிதல் என்று ஸ்டோயிக் தத்துவர் ஜீனோ கை அசைவால் விளக்கியதைச் சிசெரோவே குறித்துவைத்திருக்கிறார். ‘எசென்ஸ்’ என்பதன் மூலத்தையும் அவருக்கே உரியதாக்குகிறார் ரோமானியத் தத்துவர் செனெகா. ஆனால் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் வேறொருவர் பெயரைச் சொல்வதால் அதை உறுதியான பட்டியலில் சேர்ப்பதற்கில்லை.

‘ஹ்யுமானிட்டீஸ்’ என்ற கல்லூரித் துறைப்பெயரும் இந்த வகையே. கி.மு. 62இல் ஆர்க்கியாஸ் என்ற கவிஞரின் குடியுரிமைக்காக வாதாடியபோது, ‘மனிதத்தன்மைக்கும் எழுத்துக்குமான கல்வி’ என்று பொருள்படும் தொடரை அவர் பயன்படுத்தினார். மறைந்திருந்த அந்த உரையை 1333இல் லியேஜ் நகரத்தில் கண்டெடுத்தவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகியவற்றைச் சேர்த்து ‘ஸ்டூடியா ஹ்யுமானிட்டாட்டிஸ்’ என்று அழைக்கும் வழக்கம் அதன் பின் வந்த தலைமுறைகளில் நிலைபெற்றது.

சட்டத்தில் வாழும் தொடர்கள்

நீதிமன்றச் செய்திகளில் வரும் இலத்தீன் தொடர்களில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் இன்றைய பயன்பாடு மூலச் சூழலிலிருந்து விலகியிருக்கிறது.

முதலாவது ‘குயி போனோ’, அதாவது ‘யாருக்கு ஆதாயம்?’. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரோசியஸ் என்பவருக்காகக் கி.மு. 80இல், தன் இருபத்தாறாம் வயதில், சிசெரோ வாதாடினார். கொல்லப்பட்டவரின் அறுபது லட்சம் செஸ்டர்ஷியஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள சொத்தை, சர்வாதிகாரி சுல்லாவின் கையாளான கிரைசோகோனஸ் வெறும் இரண்டாயிரத்துக்கு ஏலத்தில் எடுத்திருந்தார். சொத்தை இழந்த மகன் மீது பழி, சொத்தைப் பெற்றவர்களோ வெளியில். இந்த நிலையில்தான், லூசியஸ் காசியஸ் என்ற கண்டிப்பான பழைய நீதிபதி வழக்குதோறும் ‘இதனால் யாருக்கு ஆதாயம்?’ என்று கேட்பாராம் என்று நினைவுபடுத்தினார். தொடர் காசியஸுடையது, சிசெரோ அதை மேற்கோளாகவே சொல்கிறார். ஆங்கிலத்தில் சிலர் இதை ‘இதனால் என்ன பயன்?’ என்று எழுதுவது தவறு. ‘ப்ரோ போனோ’ என்ற கட்டணமில்லா வழக்குப்பணியோடும் இதற்குத் தொடர்பில்லை. சதிக் கோட்பாடுகள் பரப்புவோர் இக்கேள்வியையே விடையாகக் கொள்வதையும் கவனிக்க வேண்டும். ஆதாயம் பெற்றவர் யார் என்பது விசாரணை எங்கே தொடங்கலாம் என்று காட்டுமே தவிர, குற்றத்தை நிறுவிவிடாது. ரோசியஸ் வழக்கிலும் சிசெரோ அத்தோடு நிற்காமல் சாட்சியங்களுக்குள் போகிறார்.

இரண்டாவது ‘சாலுஸ் பாப்புலி சுப்ரீமா லெக்ஸ் எஸ்டோ’. மக்கள் நலமே உயர்ந்த சட்டமாக இருக்கட்டும் என்ற இத்தொடர் அமெரிக்காவின் மிசௌரி மாநில முத்திரையில் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களும் தனிமனித உரிமையைவிடப் பொதுநலன் முந்தியது என்று சொல்ல வேண்டிய இடங்களில் இதை எடுத்தாளுகின்றன. சட்டங்களைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் சிசெரோ வரைந்துகாட்டும் சட்ட வாசகத்தில், போர்க்களத்தில் கான்சல்களுக்கு எவருக்கும் கட்டுப்படாத அதிகாரம் வழங்கப்படுகிறது. அந்த வரியை அடுத்தே ‘அவர்களுக்கு மக்கள் நலமே உயர்ந்த சட்டமாக இருக்கட்டும்’ என்ற வரி வருகிறது. ‘அவர்களுக்கு’ என்ற சொல் இன்றைய மேற்கோள்களில் உதிர்ந்துவிட்டது. அதிகாரத்துக்குப் பூட்டிய கடிவாளமாக எழுதப்பட்ட வரி, அதிகாரத்தை விரிப்பதற்கான சான்றாக எடுத்தாளப்படுவது இந்த ஒரு சொல் இல்லாததால் எளிதாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ‘ஆயுதங்களுக்கு நடுவே சட்டங்கள் மௌனமாகின்றன’ என்ற வரி. போர்க்கால அடக்குமுறைகளைப் பற்றிய விவாதங்களில் இது தவறாமல் வருகிறது. மூலத்தில் போரே இல்லை. கி.மு. 52இல் ஆப்பிய நெடுஞ்சாலையில் நடந்த கைகலப்பில் கிளோடியஸ் என்ற அரசியல்வாதியைக் கொன்ற மிலோவுக்காகச் சிசெரோ எழுதிய உரையில் இது வருகிறது. ஒருவர் ஆயுதத்தோடு பாயும்போது சட்டத்தின் தீர்ப்புக்காகக் காத்திருக்குமாறு சட்டமே எதிர்பார்ப்பதில்லை என்ற தற்காப்பு வாதம் அது. ரோமானியத் தளபதி பாம்பேயின் படைவீரர்கள் சூழ்ந்திருந்த மன்றத்தில் சிசெரோவால் சரியாகப் பேச முடியவில்லை. மிலோ தண்டனை பெற்று மசிலியாவுக்குப் போனார். செம்மைப்படுத்திய உரையைப் பின்னர் சிசெரோ அனுப்பிவைத்தபோது, இப்படியே பேசியிருந்தால் மசிலியாவின் இந்த நல்ல மீனை நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று மிலோ சொன்னதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார்.

தனிமனிதரின் தற்காப்பு பற்றிய இந்த வரி அரசின் அவசரகால அதிகாரத்துக்கு மாற்றப்பட்டது பின்னாள் வேலை. அதற்கான மிகப் புகழ்பெற்ற மறுப்பு 1941இல் இங்கிலாந்தின் லிவர்சிட்ஜ் வழக்கில் வந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் அமைச்சரின் அதிகாரத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்க, ஆட்கின் பிரபு மட்டும் மாறுபட்டு, இந்த நாட்டில் ஆயுதங்களின் மோதலுக்கு நடுவிலும் சட்டங்கள் மௌனமாக இல்லை என்று எழுதினார். இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது, 1976இல் ஜபல்பூர் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு லிவர்சிட்ஜ் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டின் தனியுரிமை வழக்கில் வெளிப்படையாக நிராகரித்தது.

அவருடையவை அல்லாதவை

தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று தமிழ்ச் செய்தித்தாள்களும் எழுதும் டாமக்ளீஸின் வாள், ஒற்றைக் குதிரைமுடியில் தொங்கிய வாளின் கதை. சிராக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலர் டயோனிசியஸைப் பற்றிய இக்கதை சிசெரோவின் ‘துஸ்குலத்து உரையாடல்கள்’ வழியாகவே ஐரோப்பாவுக்குக் கிடைத்தது. கதை கிரேக்கருடையது, அதைக் காத்துக் கொடுத்தவர் அவர். ‘உச்சமான சட்டம் உச்சமான அநீதி’ என்ற தொடரையும் தேய்ந்துபோன பழமொழி என்று அவரே சொல்லித்தான் எடுத்தாளுகிறார். ‘ஓ தெம்போரா, ஓ மோரெஸ்’, அதாவது ‘என்ன காலம், என்ன நடத்தை’ என்ற பெருமூச்சு மட்டும் ஐயமின்றி அவருடையது. காட்டிலைனுக்கு எதிரான முதல் உரையில் வரும் அந்த வரியை, அந்த உரையின் வேறு சில பகுதிகளோடு சேர்த்து, அன்றைய அதிபர் ஒபாமாவின் குடியேற்ற ஆணைக்கு எதிராக மாற்றியமைத்து 2014இல் அமெரிக்க செனட்டில் வாசித்தார் செனட்டர் டெட் குரூஸ்.

இவை ஒருபுறமிருக்க, அவர் சொல்லவே சொல்லாதவையும் அவர் பெயரில் உலவுகின்றன. வரவுசெலவு சமநிலையில் இருக்க வேண்டும், கருவூலம் நிரப்பப்பட வேண்டும், அதிகாரிகளின் ஆணவம் அடக்கப்பட வேண்டும், வெளிநாட்டு உதவி குறைக்கப்பட வேண்டும் என்று நீளும் மேற்கோள் ஒவ்வொரு நாட்டின் நிதிநிலை அறிக்கைப் பருவத்திலும் தலைகாட்டும். அது 1965இல் அமெரிக்காவில் வெளியான ஒரு வரலாற்றுப் புதினத்தில் சிசெரோ பாத்திரத்துக்காக எழுதப்பட்டது. தோட்டமும் நூலகமும் இருந்தால் போதும் என்ற வாழ்த்தட்டை வரிக்கு மூலம் உண்டு. ஆனால் அறிஞர் வாரோவுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் ‘நூலகத்தில் ஒரு தோட்டம் இருந்தால்’ என்றுதான் இருக்கிறது.

சரிபார்க்கும் வழி எளியது. சிசெரோவின் நூல்கள் அனைத்துக்கும் பதிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பகுதி எண்களும் பத்தி எண்களும் உண்டு. ‘குயி போனோ’ ரோசியஸ் உரையின் 84ஆம் பத்தியில் இருக்கிறது; நூலகத் தோட்டம் நண்பர்களுக்கான கடிதங்களின் ஒன்பதாம் தொகுதி, நான்காம் கடிதத்தில் இருக்கிறது. வரவுசெலவு பற்றிய மேற்கோளைப் பரப்புகிறவர்கள் அப்படி ஓர் எண்ணைத் தருவதில்லை.